அஞ்சு வருஷம் பத்தாகுமா? பிரிட்டன் ‘பி.ஆர்.’ வாசலில் நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

லண்டனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கல்லூரி, ஒரே மென்பொருள் நிறுவனம், ஒரே சம்பளம்: ஆண்டுக்கு 45,000 பவுண்டு. ஒருவர் 2021 மார்ச்சில் ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவில் வந்து இறங்கிவிட்டார். மற்றவர் கிளம்புவதற்குள் கொரோனா இரண்டாம் அலை வந்தது. ஏப்ரல் 23 அன்று இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது பிரிட்டன். ஆகஸ்ட் 8-ல் பட்டியலிலிருந்து எடுத்த பிறகுதான் அவருக்கு விசாவும் டிக்கெட்டும் அமைந்தன.

இடைவெளி ஐந்து மாதம். “அதனால என்ன மச்சான், வந்து சேர்ந்தாச்சுல்ல” என்று அப்போது இருவரும் சிரித்திருப்பார்கள். இப்போது அந்த ஐந்து மாதம் ஐந்து வருடமாக மாறும் வாய்ப்பு இருக்கிறது. முதல் நண்பருக்கு 2026 மார்ச்சில் ஐந்து ஆண்டு முடிகிறது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடலாம். இரண்டாமவருக்கு ஆகஸ்டில்தான் முடியும். அதற்குள் விதி மாறி, அவருக்கு விலக்கும் கிடைக்காமல் போனால், அவருடைய கடிகாரம் 2031 வரை ஓட வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: “உனக்கு எப்போ அஞ்சு வருஷம் முடியுது?”

என்ன நடக்கிறது? யாருக்குப் பாதிப்பு? வரும்போது சொன்ன விதியை நடுவில் மாற்ற முடியுமா? பார்ப்போம்.

என்ன மாறப்போகிறது?

பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு ஐ.எல்.ஆர். என்று பெயர். நம்மவர்கள் பேச்சில் அது ‘பி.ஆர்.’ ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இருந்து, மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் இதற்கு விண்ணப்பிக்கலாம். இதுதான் இப்போதைய விதி.

2025 மே மாதம் பிரிட்டன் அரசு குடியேற்றம் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஐந்தைப் பத்தாக்கும் யோசனை அதில்தான் முதலில் வந்தது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்பதைத் தெளிவாகச் சொல்லாததால் பதற்றம் கிளம்பியது. எதிர்ப்பு மனுக்களில் கையெழுத்துகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. செப்டம்பர் 8 அன்று நாடாளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விவாதமும் நடந்தது.

பதில் நவம்பர் 20-ல் வந்தது. உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் முழுத் திட்டத்தையும் வெளியிட்டார். குடியுரிமை வாங்கியவர்களையும், ஏற்கெனவே ஐ.எல்.ஆர். கையில் வைத்திருப்பவர்களையும் இது தொடாது. ஆனால், அங்கே இருந்தும் இன்னும் ஐ.எல்.ஆர். வாங்காதவர்களுக்குப் புதிய விதி பொருந்தும் என்பதுதான் அரசின் முன்மொழிவு. 2026 ஏப்ரல் முதல் மாற்றங்கள் தொடங்கும் என்றும் அறிவித்தது. இது குறித்த பொதுமக்கள் கருத்துக் கேட்பு 2026 பிப்ரவரி 12 வரை.

ஏன் இந்த அவசரம்?

2021 முதல் 2024 வரை நிகரக் குடியேற்றம் மூலம் 26 லட்சம் பேர் கூடியதாக அரசு சொல்கிறது. அப்போது வந்தவர்களுக்கு ஐந்து ஆண்டு முடியும் காலம் இது. 2026 முதல் 2030 வரை சுமார் 16 லட்சம் பேர் ஐ.எல்.ஆர். பெறுவார்கள், 2028-ல் மட்டும் 4.5 லட்சம் பேர் பெறுவார்கள் என்பது அரசின் கணிப்பு. அந்த அலை வாசலுக்கு வருவதற்குள் வாசலைக் குறுக்கிவிட வேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம்.

அரசியல் அழுத்தமும் இருக்கிறது. நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி, ஐ.எல்.ஆர். முறையையே ஒழிப்போம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தது.

யாருக்கு எத்தனை ஆண்டு?

புதிய திட்டத்தின்படி பத்து ஆண்டு என்பது அடிப்படை. அதிலிருந்து கூட்டலும் கழித்தலும் உண்டு. முன்மொழிவில் உள்ள முக்கியக் கணக்குகள்:

• மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 1,25,140 பவுண்டுக்கு மேல் வரி செலுத்தும் வருமானம் இருந்தால் 7 ஆண்டு கழியும். அதாவது மூன்றே ஆண்டில் பி.ஆர்.

• அதே மூன்று ஆண்டுகள் 50,270 பவுண்டுக்கு மேல் இருந்தால் 5 ஆண்டு கழியும். அதாவது பழைய ஐந்து ஆண்டுதான்.

• என்.எச்.எஸ். மருத்துவர்கள், செவிலியர்களுக்கு ஐந்து ஆண்டு.

• பிரிட்டன் குடிமக்களின் கணவர் அல்லது மனைவிக்கு ஐந்து ஆண்டு.

• ஆங்கிலத்தில் சி1 நிலைத் தேர்ச்சி இருந்தால் ஓராண்டு கழியும்.

• பட்டப்படிப்பு அளவுக்குக் கீழே வகைப்படுத்தப்பட்ட வேலைகளில் இருப்பவர்களுக்கு அடிப்படையே 15 ஆண்டு. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்ப்பவர்கள் இதில்தான் வருகிறார்கள்.

• அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் கூடுதலாக 5 ஆண்டு. 12 மாதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் 10 ஆண்டு.

• சட்டவிரோதமாக நுழைந்தவர்களுக்கும் விசா முடிந்தும் தங்கியவர்களுக்கும் 20 ஆண்டு வரை கூடும்.

இவை தவிர, எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகளும் உண்டு. குற்றப் பின்னணி கூடாது. அரசுக்குப் பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆங்கிலத் தகுதி இப்போதைய பி1 நிலையிலிருந்து பி2 ஆக உயரும்.

இந்தக் கணக்கில் நம் இரண்டாவது நண்பரை நிறுத்திப் பாருங்கள். சம்பளம் 45,000 பவுண்டு. 50,270-ஐத் தொட இன்னும் 5,270 பவுண்டு குறைகிறது. அந்த வித்தியாசம்தான் அவரை ஐந்திலிருந்து பத்துக்குத் தள்ளுகிறது. சி1 தேர்வு எழுதி ஜெயித்தாலும் ஒன்பது.

பி.ஆர். இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரலாம். வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, விசாவை நீட்டித்துக்கொண்டே போக வேண்டியதுதானே?

முதல் சிக்கல் வேலை. ஸ்கில்டு வொர்க்கர் விசா என்பது ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால், வேறு ஸ்பான்சரைத் தேடிப் பிடிக்கவோ மூட்டை கட்டவோ பொதுவாக 60 நாள்தான் அவகாசம். மேலதிகாரி எப்படி நடத்தினாலும் “இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ” என்று வீட்டில் சொல்லிக்கொள்வது இதனால்தான். அந்த இரண்டு வருஷம் ஏழாக நீண்டால்?

இரண்டாவது சிக்கல் பணம். விசாவில் இருக்கும் ஒவ்வொருவரும் என்.எச்.எஸ். மருத்துவ வசதிக்காக முன்கூட்டியே ஒரு கட்டணம் கட்ட வேண்டும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழே 776 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் ஆண்டுக்கு 3,622 பவுண்டு. ஐந்து ஆண்டு கூடினால் 18,110 பவுண்டு. சம்பளத்தில் பிடிக்கும் வரி இதில் சேராது, விசா நீட்டிப்புக் கட்டணமும் தனி. மருத்துவ, பராமரிப்புத் துறை விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு.

மூன்றாவது, பலர் முதலில் யோசிக்காத சிக்கல்: பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவருக்கு 2025-26-ல் ஆண்டுக் கட்டணம் அதிகபட்சம் 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது; பல மடங்கு கூட இருக்கும். அங்கே பள்ளி முடிக்கும் பிள்ளையின் 18-வது வயதில் குடும்பம் இன்னும் விசாவிலேயே இருந்தால், அந்தப் பிள்ளையும் வெளிநாட்டு மாணவராகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு.

இந்தியர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமில்லாதவர்களுக்கு ஐ.எல்.ஆர்.தான் கடைசிப் படி. அது கிடைத்தால் ஸ்பான்சர் தேவையில்லை, எந்த வேலையும் பார்க்கலாம், பாஸ்போர்ட்டும் பத்திரம்.

‘வரும்போது அஞ்சுன்னுதானே சொன்னீங்க?’

கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் எப்போதும் கோபத்தின் பக்கம் நிற்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே பிரிட்டனில் இதே கதை நடந்தது. முடிவு இரண்டு விதமாக வந்தது.

2002 ஜனவரியில் உயர்திறன் படைத்தவர்களுக்காக எச்.எஸ்.எம்.பி. என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வேலை கையில் இல்லாமலேயே தகுதிப் புள்ளிகளை வைத்துக் குடியேறலாம். இந்தியாவிலிருந்தும் பலர் வேலையை விட்டு, வீட்டை விற்றுக் கிளம்பினார்கள். அப்போது பி.ஆருக்கு நான்கு ஆண்டு. 2006 ஏப்ரல் 3 அன்று அது ஐந்தாக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் விசா நீட்டிப்புக்கான புள்ளி முறையும் மாற்றப்பட்டது. பழைய விதிப்படி வந்தவர்களையும் புதிய தேர்வில் உட்காரச் சொன்னார்கள். அதில் தேறாதவர்கள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை.

பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டு நீதிமன்றம் போனார்கள். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் வந்த இன்னொரு தீர்ப்பு, 2006 ஏப்ரல் 3-க்கு முன் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டிலேயே பி.ஆர். கேட்கலாம் என்றது. காரணம், அந்தத் திட்டத்தின் வழிகாட்டிக் குறிப்பிலேயே, பின்னால் திட்டம் மாறினாலும் ஏற்கெனவே வந்தவர்கள் நான்கு ஆண்டு முடிந்ததும் விண்ணப்பிக்கலாம் என்ற உறுதி இருந்தது. பிரிட்டனையே முதன்மை வீடாக்கிக்கொள்ளச் சொல்லி அழைத்துவிட்டுக் கைவிரிக்கக் கூடாது என்பதுதான் சாரம்.

அப்படியானால் இப்போதும் ஜெயித்துவிடலாமே? அவசரப்பட வேண்டாம். அடுத்த மாதமே, 2009 மே மாதம், அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை இன்னொரு வழக்கில் வேறு மாதிரி சொன்னது. நைஜீரியாவைச் சேர்ந்த ஒரு மருத்துவர் 2006 ஜனவரியில் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார். அன்றைய விதிப்படி அவருக்குத் தகுதி இருந்தது. கோப்பு மேசையில் இருக்கும்போதே ஏப்ரல் 3 அன்று விதி மாறியது. பிரிட்டனில் படித்த மருத்துவப் பட்டம் வேண்டும் என்றார்கள். ஏப்ரல் இறுதியில் அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்கில் அவர் தோற்றார். மாறுதல் கால விலக்கு எதுவும் எழுதப்படாவிட்டால், விண்ணப்பித்த நாளின் விதி செல்லாது, முடிவெடுக்கும் நாளின் விதிதான் செல்லும் என்பது தீர்ப்பு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிறது. ‘அப்போது விதி அப்படி இருந்தது’ என்பது மட்டும் போதாது. எழுத்தில் கொடுத்த உறுதி இருந்தால் வாதாட இடம் உண்டு. உறுதி இல்லாவிட்டால் எல்லாம் புதிய விதியோடு வரும் மாறுதல் கால ஏற்பாட்டைப் பொறுத்தது.

கவனிக்க வேண்டிய ஒரே வரி

பிரிட்டனில் குடியேற்ற விதி மாற்றம் நாடாளுமன்றத்தில் ஓர் ஆவணமாக வைக்கப்படும். வழக்கமாக 21 நாள் கழித்து அமலுக்கு வரும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். அதன் தொடக்கத்தில் அமலாகும் தேதி பற்றிய பகுதி ஒன்று வரும். ‘இந்தத் தேதிக்கு முன் கொடுத்த விண்ணப்பங்கள் பழைய விதிப்படியே முடிவாகும்’ என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வெள்ளை அறிக்கை, அமைச்சர் பேட்டி, யூடியூப் வீடியோ எதுவும் விதி அல்ல. அந்த ஆவணமும் அந்த வரியும்தான் விதி. ஏற்கெனவே நாட்டில் இருப்பவர்களுக்கு மாறுதல் கால ஏற்பாடு வேண்டுமா என்பது கருத்துக் கேட்பிலேயே ஒரு கேள்வியாக வைக்கப்பட்டிருக்கிறது. எனவே கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை.

சரி, இப்போ என்ன பண்றது?

தேதியைச் சரியாகக் கணக்கிடுங்கள். ஐந்து ஆண்டு முடிவதற்கு 28 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். விசா கிடைத்த நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிடவும் இடமுண்டு. ஆனால் விசா கிடைத்த நாளுக்கும் வந்து இறங்கிய நாளுக்கும் இடையிலான நாட்கள் வெளிநாட்டில் இருந்த நாட்களாக எண்ணப்படும். பயத்தில் 28 நாளுக்கும் முன்னதாக விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படலாம், கட்டிய பணமும் போகலாம்.

எந்த விசாவில் இருந்த காலம் என்று பாருங்கள். மாணவர் விசாவும், படித்து முடித்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவும் இந்த ஐந்தாண்டுக் கணக்கில் சேராது. சென்னை, பெங்களூரு அலுவலகத்திலிருந்து நிறுவனம் அனுப்பிவைக்கும் உள்நிறுவன மாற்றல் விசாவும் சேராது. “நான் வந்து ஆறு வருஷம் ஆச்சே” என்பவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

180 நாள் கணக்கு. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. காலண்டர் ஆண்டு இல்லை. எந்த நாளில் தொடங்கினாலும் அதற்கடுத்த 12 மாதம். அக்கா கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், ஊரிலிருந்தே வேலை என்று போன பயணங்களைப் பாஸ்போர்ட்டை வைத்து ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நெருங்கிய உறவினரின் கடும் நோய் போன்ற காரணங்களுக்குச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனை ஆவணம் வேண்டும்.

தேர்வை முன்பே முடியுங்கள். ‘லைஃப் இன் தி யு.கே.’ தேர்வில் 24 கேள்விகள், 45 நிமிடம். 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. கட்டணம் 50 பவுண்டு. தேர்ச்சிக்குக் காலாவதி கிடையாது. கடைசி மாதத்தில் தேதி கிடைக்காமல் தவிப்பதைவிட இப்போதே எழுதிவிடலாம்.

காகிதம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலையில் தொடர்வதாக நிறுவனம் தரும் கடிதம். பெரிய நிறுவனங்களில் இந்தக் கடிதத்துக்கே மூன்று வாரம் ஆகும். இன்றே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவது நல்லது.

குடும்பத்துக்குத் தனிக் கடிகாரம். டிபெண்டென்ட் விசாவில் வந்த கணவருக்கோ மனைவிக்கோ ஐந்தாண்டு தனியாக முடிய வேண்டும். 2023-ல் கல்யாணம் முடித்து அழைத்து வந்தவருக்கு 2028 வரை ஆகும். பெற்றோர் இருவருக்கும் பி.ஆர். ஆனால்தான் பொதுவாகப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். புதிய திட்டமோ டிபெண்டென்ட் ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியாக எடைபோடப் பார்க்கிறது.

பணத்தை ஒதுக்குங்கள். 2025-ல் விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 3,029 பவுண்டாக இருந்தது. அடுத்த வேலை நாளுக்குள் முடிவு வேண்டுமானால் கூடுதலாக 1,000. அந்தக் கணக்கில் நான்கு பேருக்கு விண்ணப்பக் கட்டணமே 12,116 பவுண்டு.

விண்ணப்பித்துவிட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். விசா காலாவதியாகும் முன் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை இருக்கும் உரிமை தொடரும். ஆனால் முடிவு வரும் முன் பிரிட்டனை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். அயர்லாந்து உள்ளிட்ட பொதுப் பயணப் பகுதிக்கு மட்டும் விலக்கு.

‘ஏப்ரலுக்கு முன்னாடி முடிச்சுத் தர்றோம்’

பதற்றம் இருக்கும் இடத்தில் தரகர்கள் கடை விரிப்பார்கள். ஐந்தாண்டு முடியாதவருக்கு அதை முடித்துத் தர யாராலும் முடியாது. பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை தர, வழக்கறிஞராகவோ குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டும். தகுதி இல்லாமல் ஆலோசனை தருவது அங்கே குற்றம். பதிவு செய்தவர்களின் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் அதில் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

சம்பளத்தை 50,270-க்கு மேல் காட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தாலும் வேண்டாம். வரித்துறைக் கணக்கும் விசாக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், பி.ஆரோடு சேர்ந்து இருக்கும் விசாவும் போய்விடும்.

அந்த இரண்டாவது நண்பர்?

அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆகஸ்டுக்கு முன் அவருடைய பிரிவுக்கான விதி அமலுக்கு வராமல் போகலாம். அப்போது ஐந்தாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். மாறுதல் கால ஏற்பாட்டில் அவரைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்கலாம். இரண்டும் இல்லையென்றால், சம்பளத்தை உயர்த்தி மூன்று ஆண்டு 50,270-க்கு மேல் காட்ட வேண்டும். இன்று உயர்ந்தாலும் அது முடிய 2029 ஆகிவிடும்.

முதல் இரண்டும் அவர் கையில் இல்லை. ஆனால் 2026 பிப்ரவரி 12-க்குள் கருத்துக் கேட்பில் தன் நிலைமையை எழுதுவது அவர் கையில்தான் இருந்தது. அது ஆன்லைனில் எல்லோருக்கும் திறந்திருந்தது. எத்தனை ஆண்டு இருந்தோம், எவ்வளவு வரி கட்டினோம், ஐந்தாண்டு என்ற சொல்லை நம்பி எந்த முடிவுகளை எடுத்தோம் என்று எழுத அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அதன் பிறகு ஆகஸ்டில் விண்ணப்பிக்கப் போகிறவர் போலவே எல்லாக் காகிதத்தையும் தயாராக வைத்திருப்பது நல்லது. இன்றைய தேதிக்கு விதி ஐந்து ஆண்டுதான்.